'ம்யூல்' விளையாட்டில் சண்டையே இல்லையாமே, அப்புறம் எதில் சுவாரசியம்?

சந்தையில்தான். 1983-ல் ஓசார்க் சாஃப்ட்ஸ்கேப் குழு உருவாக்கி, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட விளையாட்டு இது. அட்டாரி 800 கணினியில் நான்கு ஜாய்ஸ்டிக் செருகலாம்; அதை நம்பியே நான்கு பேருக்காக வடிவமைத்தார்கள்.

இராட்டா என்ற கோளில் ஆளுக்கொரு நிலம் கிடைக்கும். கடையில் ஓர் இயந்திரக் கழுதை வாங்கி அங்கே நிறுத்தினால் உணவு, மின்சக்தி அல்லது தாது விளைவிக்கும். உணவு குறைந்தால் அடுத்த முறை நம் நேரம் சுருங்கும். மின்சக்தி குறைந்தால் விளைச்சல் படுக்கும்.

விளைந்ததை விற்கும் ஏலம்தான் உச்சம். விற்பவர்கள் திரையின் மேலே, வாங்குபவர்கள் கீழே நிற்பார்கள். மேலே இருப்பவர் இறங்கினால் விலை குறையும், கீழே இருப்பவர் ஏறினால் கூடும். இருவரும் சந்திக்கும் இடத்தில் வியாபாரம் முடியும். கடிகாரம் ஓட ஓட, யார் முதலில் மசிவது என்ற பதற்றம் இருக்கிறதே, அது எந்தப் போர் விளையாட்டுக்கும் குறைந்ததல்ல.

ஸ்மித்தோர் என்ற தாதுவிலிருந்துதான் அந்தக் கழுதைகளே தயாராகின்றன. ஒருவர் அதை விற்காமல் பதுக்கினால் கடையில் கழுதைக்குத் தட்டுப்பாடு வந்து விலை எகிறும். மற்றவர்களின் நிலம் சும்மா கிடக்கும்.

ஆனால் எல்லாரையும் நசுக்கி ஜெயிப்பதும் சரிவராது. நால்வரும் சேர்ந்ததுதான் காலனி; கடைசியில் அதன் மொத்தச் செல்வத்துக்கும் மதிப்பீடு உண்டு. அது மிகக் குறைவாக இருந்தால், ஒருவர் முதலிடம் பிடித்தாலும் காலனி தோற்றதாகவே அறிவிக்கப்படும். இந்த ஒரு விதிக்காகவே வடிவமைப்பாளர் டேனியல் பன்டன் பெர்ரியைக் கொண்டாடலாம்.