ராணுவச் செலவை நாடாளுமன்றம் எப்படிக் கேட்கிறது: குமரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

நாகர்கோவில், கல்லூரி மாணவி: சார், "இந்த விமானத்தை வாங்கு, அந்தக் கப்பலை வாங்காதே" என்று நாடாளுமன்றம் ராணுவத்துக்கு உத்தரவு போட முடியுமா?

முடியாதும்மா. முப்படைகளின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது (அரசியலமைப்பின் 53ஆவது பிரிவு). எதை வாங்குவது, எந்த வரிசையில் வாங்குவது என்பதைப் பாதுகாப்பு அமைச்சகமும் அதன் கொள்முதல் கவுன்சிலும் அமைச்சரவையும் முடிவு செய்கின்றன. நாடாளுமன்றத்தின் கையில் இருப்பது பணப்பை. 113ஆவது பிரிவின்படி மக்களவை மானியக் கோரிக்கையை (ஓர் அமைச்சகம் தன் செலவுக்குக் கேட்கும் தொகையை) ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். ஆனால் கூட்ட முடியாது. "கடற்படைக்கு இன்னும் 5,000 கோடி கொடு" என்று எந்த உறுப்பினரும் தீர்மானம் கொண்டுவர முடியாது. ஆகவே கேள்வி கேட்பது, ஆவணத்தில் பதிய வைப்பது, அடுத்த ஆண்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்பது ஆகியவைதான் நடைமுறையில் கண்காணிப்பு.

மார்த்தாண்டம், ஓய்வுபெற்ற சுபேதார்: பாதுகாப்பு நிலைக்குழு ஆண்டுதோறும் கட்டுக்கட்டாக அறிக்கை போடுகிறது. அதில் எதைப் படிக்க வேண்டும்? அதனால் ஏதாவது பயன் உண்டா?

உண்டு ஐயா, படிக்கும் வரிசை தெரிந்தால். நிலைக்குழு என்பது ஒரு துறையின் செலவையும் வேலையையும் ஆராயும் எம்.பி.க்கள் குழு. அதில் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், மொத்தம் 31 உறுப்பினர்கள். அமைச்சர் யாரும் உறுப்பினராக முடியாது. பதவிக்காலம் ஓராண்டு. பிப்ரவரி 1ஆம் தேதி பட்ஜெட் வந்ததும் அவை இடைவேளை விடும். அந்த நாட்களில் குழு பாதுகாப்புத் துறைச் செயலரையும் படைகளின் துணைத் தளபதிகளையும் உட்கார வைத்து விசாரிக்கும். கூட்டம் மூடிய அறையில் நடக்கும். அறிக்கை பெரும்பாலும் மார்ச்சில் வரும்.

அறிக்கையைத் திறந்ததும் முன்னுரையில் நேரத்தைச் செலவிடாதீர்கள். படைகள் கோரிய தொகை, ஒதுக்கப்பட்ட தொகை, திருத்திய மதிப்பீடு (ஆண்டின் நடுவே மாற்றியமைத்த தொகை), உண்மையில் செலவானது என்று ஓர் அட்டவணை இருக்கும். கோரியதற்கும் ஒதுக்கியதற்கும் உள்ள இடைவெளிதான் அரசு எதை முதன்மையாக நினைக்கிறது என்பதற்கு நேர்ச் சான்று.

அடுத்து, அந்த அறிக்கைக்கு அரசு எடுத்த நடவடிக்கை பற்றிய அறிக்கை. பரிந்துரைகளுக்கு அரசு மூன்று மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதில்களைக் குழு அத்தியாயம் பிரித்து வைக்கும். இரண்டாவதில் அரசு ஏற்றுக்கொண்டவை, மூன்றாவதில் பதிலைப் பார்த்தபின் குழு வற்புறுத்தாமல் விட்டவை, நான்காவதில் குழு ஏற்க மறுத்த பதில்கள், ஐந்தாவதில் "பரிசீலனையில் உள்ளது" வகையறா. நான்காவதை முதலில் திறங்கள். சண்டை எங்கே நடக்கிறது என்பது அங்கேதான் தெரியும். ஐந்தாவதில் ஒரே விஷயம் ஆண்டுக்கணக்கில் கிடந்தால், அரசு சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் துணியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2018 மார்ச்சில் மேஜர் ஜெனரல் பி.சி. கந்தூரி தலைமையில் இருந்த குழுவிடம், தரைப்படைத் துணைத் தளபதி, தளவாடங்களில் 68 சதவீதம் பழமையானவை, 24 சதவீதம் நடப்புக் காலத்தவை, 8 சதவீதம் மட்டுமே அதிநவீனமானவை என்று சொன்னார். சீருடையில் இருப்பவர் இப்படி வெளிப்படையாகச் சொல்ல நம் அமைப்பில் வேறு வாசல் கிடையாது. வருத்தம் என்னவென்றால், அதே மார்ச் மாதம் மக்களவை எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளையும் விவாதமே இல்லாமல் கில்லட்டின் முறையில் (எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டுக்கு விடும் முறையில்) நிறைவேற்றியது. குழுவில் செய்த உழைப்பு அவையில் ஒலிக்கவே இல்லை. நம் கண்காணிப்பில் பெரிய ஓட்டை இதுதான்.

குளச்சல், விசைப்படகு உரிமையாளர்: அண்ணே, 2017 ஒக்கி புயல் நேரத்தில் கடலோரக் காவல்படை பற்றி எவ்வளவோ பேசினோம். அந்தப் படைக்கான பணம் எந்தக் கணக்கில் வருகிறது? யாரிடம் கேட்க வேண்டும்?

பாதுகாப்பு அமைச்சகத்துக்கு நான்கு மானியக் கோரிக்கைகள்: அமைச்சகம் (சிவில்), படைகளின் வருவாய்ச் செலவு (சம்பளம், பராமரிப்பு போன்றவை), மூலதனச் செலவு (ஆயுதம், கப்பல், விமானம் வாங்குவது போன்றவை), ஓய்வூதியம். கடலோரக் காவல்படை முதலாவதில் வருகிறது. கடற்படைக் கணக்கில் தேடினால் கிடைக்காது. 2025-26 பட்ஜெட்டில் அந்த சிவில் கோரிக்கை 28,682 கோடி ரூபாய். எல்லைச் சாலை அமைப்பும் அதற்குள்தான், ஆகவே மொத்தத் தொகையைப் பார்த்து ஏமாற வேண்டாம். காவல்படைக்கான வரியைத் தனியாகப் பாருங்கள்.

பேரிடர் மேலாண்மை உள்துறையில் இருப்பதால், ஒக்கியை விசாரித்தது உள்துறை நிலைக்குழு. 2018இல் 211ஆவது அறிக்கையாக அதை வெளியிட்டது. ரோந்துக் கப்பல், விமானம், நிலையம் என்றால் பாதுகாப்பு நிலைக்குழு. எச்சரிக்கை, மீட்பு ஒருங்கிணைப்பு, நிவாரணம் என்றால் உள்துறைக் குழு. மனுவைத் தவறான கதவில் போட்டால் "இது எங்கள் வரம்பில் இல்லை" என்ற ஒற்றை வரியோடு திரும்பும்.

தக்கலை, வணிகவியல் ஆசிரியர்: ஒதுக்கிய பணமே செலவாகாமல் திரும்பிப் போகிறதே, பிறகு எதற்குக் கூடுதல் நிதி கேட்கிறார்கள்?

சரியான கேள்வி சார். 2024-25இல் மூலதனச் செலவுக்கு 1,72,000 கோடி ஒதுக்கி, திருத்திய மதிப்பீட்டில் 1,59,500 கோடியாகக் குறைத்தார்கள். தேவை இல்லாததால் அல்ல. ஆயுதக் கொள்முதலில் தேவை ஏற்பு, விலைப்புள்ளி கோரல், தொழில்நுட்ப மதிப்பீடு, கள சோதனை, விலைப் பேச்சு என்று பல ஆண்டுகள் ஓடும். ஒப்பந்தம் ஆன பிறகும் பணம் தவணையாகத்தான் போகும். வேலை ஒரு கட்டம் முடிந்தால் ஒரு தவணை. உள்நாட்டுப் போர் விமானமான தேஜஸ் மார்க் 1ஏ இதற்கு நல்ல உதாரணம்: 2021 பிப்ரவரியில் 83 விமானங்களுக்கு ஒப்பந்தம், ஆனால் அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய எஞ்சின் தாமதம். பொருள் வராவிட்டால் தவணை நிற்கும், மார்ச் 31 தாண்டினால் ஒதுக்கீடு காலாவதி.

இன்னொரு விஷயம், மூலதனத்தில் பெரும்பகுதி பழைய ஒப்பந்தங்களின் தவணைக்கே போய்விடும். புதிதாக வாங்க மிஞ்சுவது எவ்வளவு என்று கேட்காமல் மொத்தத் தொகையைப் பேசுவதில் அர்த்தம் இல்லை. காலாவதியாகாத தனி நிதி வேண்டும் என்று நிலைக்குழு பல ஆண்டுகளாகக் கேட்கிறது. 15ஆவது நிதி ஆணையமும் 2021-26 காலத்துக்கு 2,38,354 கோடியில் நவீனமயமாக்கல் நிதியைப் பரிந்துரைத்தது. நிலைக்குழுவின் கோரிக்கை நியாயமானது என்பதே என் கருத்து.

கருங்கல், ஒரு தாய்: என் மகன் அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகிறான். இந்தத் திட்டம் நாடாளுமன்றத்தில் ஓட்டுக்கு வந்ததா?

இல்லை அம்மா. 2022 ஜூன் 14 அன்று அமைச்சரவை முடிவாக வந்தது. தனிச் சட்டம் இல்லை. நான்கு ஆண்டுப் பணி, அதன் பின் 25 சதவீதம் வரை நிரந்தரப் பணிக்கு எடுப்பார்கள் என்பவை நிர்வாக ஆணைகள். நாடாளுமன்றம் பின்னால்தான் கேட்க முடிந்தது. பணியில் உயிரிழக்கும் அக்னிவீரின் குடும்பத்துக்கும் வழக்கமான வீரரின் குடும்பத்துக்குக் கிடைக்கும் அதே பலன்கள் வேண்டும் என்று நிலைக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் தொகுதி எம்.பி.யைப் பார்க்கும்போது பிடித்துக் கேட்க வேண்டிய இடம் அது.

குலசேகரம், முன்னாள் படைவீரர்: இசிஹெச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகள் பில் பாக்கி என்று எங்களைத் திருப்பி அனுப்புகின்றன. எம்.பி.யிடம் மனுவாகக் கொடுத்தால் போதுமா?

மனு கடிதமாகப் போய், "ஆவன செய்யப்படும்" என்று கடிதமாக வரும். கேள்வியாக எழுதிக் கொடுங்கள். 150 சொல்லுக்குள், உட்பிரிவுகளாக:

(அ) கடந்த 3 ஆண்டுகளில் தமிழ்நாட்டின் பட்டியல் மருத்துவமனைகள் அனுப்பிய பில் தொகை ஆண்டுவாரியாக எவ்வளவு. (ஆ) 90 நாளுக்கு மேல் நிலுவையில் உள்ளது எவ்வளவு. (இ) கன்னியாகுமரி மாவட்டத்தில் பட்டியலிலிருந்து விலகிய மருத்துவமனைகள் எத்தனை, காரணம் என்ன. (ஈ) நிலுவையைத் தீர்க்கக் காலக்கெடு உண்டா?

2025-26இல் இசிஹெச்எஸ்ஸுக்கு 8,317 கோடி ஒதுக்கினார்கள். ஆகவே "பணம் இருக்கிறதா" என்று கேட்காமல் "எங்கே நிற்கிறது" என்று கேளுங்கள். முன்னறிவிப்பு 15 முழு நாட்களுக்கு முன் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள்தான் முறை. அந்த நாளைப் பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மக்களவையில் வாய்மொழிப் பதிலுக்கு ஒரு நாளில் 20 நட்சத்திரக் கேள்விகளே எடுக்கப்படும், அதுவும் குலுக்கலில். எழுத்துப் பதில் கேள்விகள் 230. புள்ளிவிவரம்தான் வேண்டும் என்றால் எழுத்துப் பதிலே நல்லது.

"தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்" என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். அது வாக்குறுதியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அதைத் துரத்துவதற்கென்றே அரசு வாக்குறுதிகள் குழு இருக்கிறது.

நாகர்கோவில், வழக்கறிஞர்: ரகசியம் என்று மறுத்துவிட்டால்?

படை நிலை, ஆயுத இருப்பு, இடம் ஆகியவற்றைக் கேட்டால் மறுப்பார்கள், அது நியாயமும்கூட. தாமதம், செலவு, ஒப்பந்தத் தேதி ஆகியவற்றைக் கேட்டால் மறுப்பது கடினம். தகவல் உரிமைச் சட்டத்தில் டிஆர்டிஓவுக்கு (பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு) 24ஆவது பிரிவின் விலக்கு உண்டு. ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுகளுக்கு அந்த விலக்கு பொருந்தாது. தரைப்படையும் கடற்படையும் விமானப்படையும் அந்த விலக்குப் பட்டியலில் இல்லை. அங்கே நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் தகவலுக்கான 8(1)(அ) பிரிவைக் காட்டித்தான் மறுக்க வேண்டும்.

பூதப்பாண்டி, ஓய்வூதியர்: சாதாரண ஆள் நேராக நாடாளுமன்றத்தை அணுக வழியே இல்லையா?

மனுக்கள் குழு இருக்கிறது ஐயா. ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் அந்த வழியில் வலுப்பெற்ற கோரிக்கை. பகத் சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு அதை விசாரித்து, நிறைவேற்றச் சொல்லி 2011 டிசம்பரில் அறிக்கை தந்தது. அரசாணை 2015 நவம்பரில் வந்தது, 2014 ஜூலை 1 முதல் அமலாகும்படி.

மக்களவைக்கு என்றால் ஓர் உறுப்பினரின் மேலொப்பம் வேண்டும். மாநிலங்களவைக்கு உறுப்பினர் வழியாகவும் தரலாம், நேரே பொதுச் செயலாளருக்கும் அனுப்பலாம். தமிழில் எழுதினால் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பை இணைக்க வேண்டும். முழுப்பெயர், முகவரி, கையெழுத்து கட்டாயம். நீதிமன்றத்தில் இருக்கும் விஷயமும், சட்டப்படி வேறு தீர்வு உள்ள தனிநபர் குறையும் எடுக்கப்படாது. உங்கள் ஓய்வூதியக் கணக்கில் பிழை என்றால் இது இடமில்லை. உங்களைப் போன்ற எல்லோரையும் பாதிக்கும் விதியில் பிழை என்றால் இதுவே இடம்.