ஃபிட்டர் டிரேடை தூக்கிட்டு ஏஐ வெச்சா போதுமா?

கேள்வி: பையன் பத்தாவது பாஸ் பண்ணிட்டான், ஐடிஐ சேரணும்ங்கிறான். பத்து வருஷத்துல வேலையெல்லாம் மாறிடும்னு சொல்றாங்களே, அப்ப ஃபிட்டர், எலக்ட்ரீஷியன்னு பழைய டிரேடையெல்லாம் தூக்கிட்டு ஏஐ, ரோபோட்டிக்ஸ்னு புதுப் பாடம் வெச்சா என்ன? - ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: தூக்கவே கூடாதுங்க. பேரை மாத்தி புது போர்டு மாட்டிட்டா படிப்பு மாறிடுச்சுன்னு நாம நம்புறோம் பாருங்க, அங்கதான் தப்பு ஆரம்பிக்குது.

எலக்ட்ரிக் வண்டியையே எடுத்துக்கோங்க. இன்ஜின் இல்ல, ஆயில் மாத்துற வேலை இல்ல. ஆனா அதை பிரிக்கிறவனுக்கு முதல்ல தெரிய வேண்டியது பேட்டரி சப்ளையை எப்படி கட் பண்றது, நெஜமாவே கட் ஆயிடுச்சான்னு மீட்டர் வெச்சு எப்படி பாக்குறது, சர்க்யூட் படத்தை எப்படி படிக்கிறது, இதானே? இதெல்லாம் எலக்ட்ரீஷியன் டிரேடோட அஸ்திவாரம். வெர்னியர் புடிச்சு அளக்கத் தெரிஞ்ச, டிராயிங் பாத்தா புரியுற பையன் கம்ப்யூட்டர் சொல்றபடி இரும்பை வெட்டுற சிஎன்சி மெஷினுக்கு போனாலும் ரோபோவுக்கு போனாலும் சீக்கிரம் புடிச்சுக்குவான். பட்டன் அழுத்த மட்டும் கத்துக்கிட்டவன் மெஷின் மாடல் மாறின அன்னைக்கே முழிப்பான்.

அதுக்காக புது படிப்பே வேணாம்னு சொல்லல. ஜெர்மனியில மெக்கானிக்கலும் எலக்ட்ரிக்கலும் கம்ப்யூட்டரும் ஒரே மெஷினுக்குள்ள கலந்துட்டதப் பாத்து 1998ல மெக்கட்ரானிக்ஸ்னு ஒரு தொழிற்படிப்பு கொண்டுவந்தாங்க, மூணரை வருஷம். அங்க இந்த மாதிரி படிப்புல என்ன இருக்கணும்னு முதலாளி தரப்பும் தொழிற்சங்கமும் அரசாங்கமும் சேந்து உக்காந்துதான் எழுதுறாங்க, பையன் வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் ஸ்கூல்ல, மிச்ச நாள் கம்பெனியில, கையில காசும் வாங்கிட்டு. ஃபேக்டரில மெஷின் மாறினா அவன் கண்ணு முன்னாடியே மாறுது, பாடபுத்தகம் அச்சாகி வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.

நம்ம அரசும் சும்மா இல்ல, அதையும் சொல்லணும். 2022ல நான் முதல்வன்னு ஒரு திறன் பயிற்சித் திட்டம் ஆரம்பிச்சாங்க, டாடா டெக்னாலஜிஸோட சேந்து 71 அரசு ஐடிஐய 2,877 கோடி ரூபாய்ல ரோபோ, கம்ப்யூட்டர் மெஷினெல்லாம் வெச்ச இண்டஸ்ட்ரி 4.0 சென்டரா மாத்துற திட்டமும் போட்டாங்க. மெஷின் வந்தா சந்தோஷம்தான், ஆனா அதை ஓட்டிக் காட்டற வாத்தியார்? இருபது வருஷம் முன்னாடி கத்துக்கிட்டதையே சொல்லிக்குடுக்கிறார்னு அவரை குறை சொல்றோமே, வருஷத்துக்கு ஒரு மாசம் சம்பளத்தோட ஒரகடம் பக்கம் ஏதாவது ஒரு ஃபேக்டரிக்கு அவரை அனுப்பி வெக்கணும்னு யாராவது கேக்குறோமா? என்னைக் கேட்டா எந்த புது சிலபஸுக்கும் முன்னாடி இதைத்தான் செய்யணும்.

அடுத்தது கம்பெனிக்காரங்க. ஸ்கில் இல்ல, ஸ்கில் இல்லன்னு மேடைக்கு மேடை பேசுறாங்க. பசங்களை கம்பெனியிலேயே வெச்சு உதவித்தொகை குடுத்து தொழில் பழக்குறதுக்கு அப்ரண்டிஸ் சட்டம் 1961லேருந்து இருக்கு, 30 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல 2.5லேருந்து 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆகணும்னு விதியே இருக்கு. எடுத்து என்ன சொல்லித்தர்றாங்க? எனக்கு தெரிஞ்ச ஒரு எலக்ட்ரீஷியன் பையன் ஒரு வருஷம் முழுக்க பேக்கிங்ல நின்னுட்டு சர்டிபிகேட்டோட வந்தான், ஒரு நாள்கூட மல்டிமீட்டரை தொடல. அந்த ஒரு வருஷத்தை அவனுக்கு யாருங்க திருப்பித் தருவா?

உங்க பையனை தாராளமா சேருங்க. ஃபிட்டரோ எலக்ட்ரீஷியனோ ரெண்டு வருஷம் முடிச்சா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருஷம் சேர வழி இருக்கு, மேல படிக்கிற கதவு மூடிடாது. ஆனா பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு நாள் பிராக்டிகல் நேரமா பாத்து அவனையும் கூட்டிட்டு அந்த ஐடிஐக்கு போங்க. மெஷினுக்கு கவர் போட்டு மூடி வெச்சிருக்காங்களா, இல்ல கீழ இரும்புத்தூள் கிடக்கான்னு பாருங்க, ஒரு மெஷினுக்கு எத்தனை பசங்க நிக்கிறாங்கன்னு எண்ணுங்க, போன பேட்ச் பசங்க எங்க அப்ரண்டிஸ் போனாங்க, அங்க என்ன வேலை குடுத்தாங்கன்னு ஆபீஸ்ல கேக்காதீங்க, அங்க படிக்கிற பசங்ககிட்டயே கேளுங்க.