பேட்ச் முறையில் ஓடும் பட்டறைக்கு செல் முறை ஒத்து வருமா?

கேள்வி (ராணிப்பேட்டை சிப்காட்): சார், ஷாஃப்ட், ஃபிளாஞ்ச், புஷ் என்று 200 பார்ட்டுக்கு மேல் ஓடுகிறது. லேத் எல்லாம் ஒரு வரிசை, மில்லிங் ஒரு வரிசை, டிரில்லிங் கடைசி மூலை. செல் முறைக்கு மாறலாமா?

பதில்: செல் என்றால் ஒரே மாதிரி பார்ட்டுகளுக்கு வேண்டிய லேத், மில்லிங், டிரில்லிங் மெஷின்களை ஒரே கூட்டமாகச் சேர்த்து வைப்பது. அது உங்களுக்கு ஒத்து வருமா என்பதை ரூட் கார்டுதான் (ஒரு பார்ட் எந்தெந்த மெஷினுக்குப் போகிறது என்று எழுதிய அட்டை) சொல்லும். ஓராண்டு ரூட் கார்டுகளை எடுத்து எக்செல்லில் பார்ட்டுகளைக் கீழ்வாட்டில், மெஷின்களைக் குறுக்குவாட்டில் போடுங்கள். எந்தப் பார்ட் எந்த மெஷினுக்குப் போகிறதோ அந்தக் கட்டத்தில் 1. அப்புறம் ஒரே மெஷின்களுக்குப் போகும் பார்ட்டுகளை அருகருகே நகர்த்துங்கள், மெஷின்களையும் அப்படியே. 1-கள் தனித்தனிக் கொத்தாகத் திரண்டால் ஒவ்வொரு கொத்தும் ஒரு செல்லுக்கான குடும்பம். தாள் முழுக்கச் சிதறியே கிடந்தால் இப்போதைய அமைப்பே இருக்கட்டும். ஜான் பர்பிட்ஜ் என்ற பிரிட்டிஷ்காரர் 1960-களில் வகுத்த வழி இது. இன்றும் இதைவிட நேர்மையான சோதனை கிடையாது.

கொத்து கிடைத்தாலும் அவசரப்படாதீர்கள். அந்தக் குடும்பத்தின் மாத ஆர்டரை மெஷின் மணியாகக் கணக்கிடுங்கள். முக்கியமான மெஷினுக்காவது ஷிஃப்ட் நிறைய வேலை இருக்க வேண்டும். இந்த மாதம் வந்து அடுத்த மாதம் நிற்கும் ஆர்டரை நம்பி செல் போடக் கூடாது.

கேள்வி (காட்பாடி): அண்ணா, லாபம் எவ்வளவு என்று முதலாளி கேட்கிறார். என்ன சொல்வது?

பதில்: இந்தக் கணக்கைக் காட்டு தம்பி. 50 பீஸ், 4 ஆபரேஷன், ஒவ்வொன்றும் 6 நிமிடம். பேட்ச் முறையில், 50-ம் முடிந்த பிறகே அடுத்த மெஷினுக்குப் போனால் 1,200 நிமிடம், அதாவது 20 மணி நேரம். செல்லில் பீஸ் பீஸாகக் கைமாறினால் 318 நிமிடம், ஐந்தரை மணி நேரம்கூட இல்லை. மெஷின் வேகம் கூடவே இல்லை, காத்துக் கிடந்த நேரம்தான் போயிற்று. ஆனால் ஒரு ஆபரேஷன் மட்டும் 15 நிமிடம் என்றால் மொத்த செல்லும் அதன் வேகத்தில்தான் நகரும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடு.

கேள்வி: பெல் (BHEL) ஆலைக்கு டக்ட் (காற்று, புகை போகும் பெரிய குழாய்), டேம்பர் (அதை மூடித் திறக்கும் தகடு) ஃபேப்ரிகேஷன் செய்கிறோம். எங்களுக்கு?

பதில்: பெரிய ஃபேப்ரிகேஷனுக்கு வேண்டாம். அங்கே கிரேனும் இடமும்தான் வேலையைத் தீர்மானிக்கின்றன. டேம்பருக்குத் திரும்பத் திரும்ப வரும் ஷாஃப்ட், புஷ் இருந்தால் அதற்கு மட்டும் சின்னதாக ஒன்று போடலாம்.

கேள்வி (வாலாஜா): ஹீட் ட்ரீட்மென்ட் வெளியே போகிறது, சார்.

பதில்: போகட்டும். அதற்கு முன்பு வரை ஒரு செல், திரும்பி வந்த பின் கிரைண்டிங் தனி. அனுப்பும் நாளை மட்டும் வாரத்தில் நிலையாக வையுங்கள்.

கேள்வி: லேத் ஆபரேட்டர் டிரில்லிங்கைத் தொட மாட்டேன் என்கிறார். மெஷினை நகர்த்திவிட்டால் வழிக்கு வருவாரா?

பதில்: வர மாட்டார், மனம்தான் கசக்கும். இரண்டு மெஷின் பார்த்தால் சம்பளம் எவ்வளவு கூடும் என்பதை முதலில் எழுதிக் கொடுங்கள். அவர் கேட்பது நியாயம். பிறகு பழக்குங்கள். மெஷினை இப்போது பெயர்க்கவே வேண்டாம். இருக்கும் இடத்திலேயே நான்கு மெஷினுக்கு ஒரே நிற வர்ணம் பூசி, அந்தக் குடும்பத்துக்கு மட்டும் மூன்று மாதம் ஒதுக்கி ஓட்டுங்கள். வேறு ஜாப் எத்தனை முறை குறுக்கே நுழைந்தது என்பதை சூப்பர்வைசர் தினமும் குறிக்கட்டும். அந்த நோட்டைப் பார்த்த பிறகு ஃபவுண்டேஷன் போடுவதைப் பேசலாம்.