வெப்பமானி 3 டிகிரி காட்டியும் உருளைச் செடி கருகியது ஏன்?

கேள்வி: ஊட்டி அருகே ஓடையை ஒட்டிய பள்ளத்தில் அரை ஏக்கர் உருளைக்கிழங்கு, 45 நாள் பயிர். விடிகாலையில் வீட்டுச் சுவரில் மாட்டிய வெப்பமானி 3 டிகிரி காட்டியது. ஆனால் பைக் சீட்டிலும் செடியிலும் வெள்ளையாக உறைபனி. மேட்டுத் தோட்டத்தில் ஒன்றுமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: வெப்பமானி காட்டியது சுவரோரக் காற்றின் சூட்டை. இலையின் சூடு வேறு. மேகமும் காற்றும் இல்லாத இரவில் இலை, சீட், தகரம் எல்லாம் தங்கள் சூட்டை நேராக வானத்துக்கு விட்டு, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். இலை பூஜ்யத்துக்குக் கீழே போனதும் காற்றிலுள்ள நீராவி அதன்மேல் பனித்துகளாகப் படிகிறது; முன்பே விழுந்த நீர்ப்பனியும் உறைகிறது. மரத்தடியில் பைக்கை நிறுத்திப் பாருங்கள், சீட்டில் உறைபனி அநேகமாக இருக்காது.

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர்போலச் சரிவில் இறங்கி உங்கள் பள்ளத்தில் தேங்குகிறது. வயலின் கீழ்ப்பக்க வேலியில் புதர் அடைத்திருந்தால் வெட்டி வழிவிடுங்கள்.

வானம் தெளிந்திருக்கும் நாட்களில் முற்பகலிலேயே பாசனம் செய்து, மேல்மண் ஒரு அடி ஆழம் நனையட்டும். ஈரமண் பகல் வெயிலைச் சேர்த்து வைத்து இரவில் செடிக்குக் கொடுக்கும். வரிசை நடுவே காய்ந்த சருகு வேண்டாம். மண்ணின் சூடு மேலே வராமல் அது தடுத்துவிடும். இந்த நாட்களில் கொத்திக் கிளறவும் வேண்டாம்.

மூடுவதானால் குச்சி நட்டு, இலையில் படாமல் சாக்கோ துணியோ மாலையில் விரித்து, வெயில் வந்ததும் எடுங்கள். மெல்லிய பாலிதீன் வழியே சூடு வெளியேறிவிடும். அது தொடும் இலை முதலில் கருகும். புகை மூட்டத்தால் பயனில்லை.

ஸ்பிரிங்ளர் இருந்தால் இலை மட்டத்தில் பூஜ்யம் எட்டுமுன் திறந்து, பனி முழுவதும் உருகும்வரை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். மணிக்கு 3 மி.மீ. என்றாலே அரை ஏக்கருக்கு சுமார் 6,000 லிட்டர். தண்ணீர் உறையும்போது சூட்டை விடும். ஆவியாகும்போது அதைப்போல ஏழு மடங்குக்கு மேல் இழுக்கும். நடுவில் மோட்டார் நின்றால் தெளிக்காத செடியைவிட மோசமாகிவிடும். இரவெல்லாம் ஓட்டத் தண்ணீர் இல்லையென்றால் தொடங்கவே வேண்டாம்.

கருகிய இலை வேகவைத்த கீரைபோல் துவண்டு, பிறகு கறுக்கும். உடனே வெட்டாதீர்கள். தண்டு பச்சையாக இருந்தால் இலைக்கணுவில் துளிர் வரும். ஒரு வாரம் பொறுங்கள். அதுவரை யூரியா போட வேண்டாம். வெப்பமானியை இன்றே வயலில், செடி உயரத்தில், திறந்த வானத்தின் கீழ் நடுங்கள்.