நான் பார்த்த மிகப் பழைய படம் இன்றும் தாக்குப்பிடிக்கிறதா?

நான் பார்த்தவற்றுள் மிகப் பழைய படம் எது, அதை இன்றும் ரசிக்க முடிகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆண்டுக் கணக்குப்படி, 1895-இல் சினிமா முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் பிரான்சின் லியோன் நகரில் எடுத்த, தொழிலாளர்கள் ஆலையை விட்டு வெளியேறும் காட்சிதான் அது. ஒரு நிமிடம்கூட ஓடாத அதைக் கதைப்படமாகக் கொள்ள இயலாது.

கதைப்படங்களில், மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் 'தி ஜெனரல்' (1926) எனக்கு இன்றும் பழசாகத் தோன்றவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பறிபோன தன் ரயில் எஞ்சினைத் துரத்திச் செல்லும் ஓட்டுநரின் கதையான இதில், ஓடும் ரயிலின் மேல் கீட்டனே ஏறி இறங்கி நடித்திருப்பதாலும், எரியும் பாலத்தோடு ஆற்றில் விழுவது பொம்மையன்றி உண்மையான எஞ்சின் என்பதாலும், கணினி வரைகலைக்குப் பழகிய கண்ணும் அதை நம்பிவிடுகிறது.

மௌனப் படங்கள் பலவற்றில் மனிதர்கள் பரபரவென்று ஓடுவதுபோல் தெரிவது நடிப்பின் குறையன்று. நொடிக்கு 16 அல்லது 18 சட்டகங்களாக (தனித்தனிப் படங்களாக) எடுத்ததை 24 சட்டக வேகத்தில் ஓட்டுவதே பெரும்பாலும் அதற்குக் காரணம். ஆகவே, வேகம் சரிசெய்யப்பட்ட பிரதியையே தேடிப் பாருங்கள்.

இடறுவது கதையின் சார்புதான். படத்துக்கு அடிப்படையான உண்மை நிகழ்வில், 1862-இல் எஞ்சினைக் கடத்தியவர்கள் வடதரப்பினர். படமோ அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்தரப்பின் ஓட்டுநரை நாயகனாக்கிவிட்டு, அடிமைமுறையைப் பற்றி வாய்திறக்காமலே நகர்கிறது.