மாலையைக் கழட்டச் சொன்ன ரெஃப்ரி, தாடியை எடுக்கச் சொன்ன மேனேஜர்

கேள்வி: எனக்கு 23 வயசு. ஒரு ஆபீஸ் டீமுக்கு கான்ட்ராக்ட் பிளேயரா சென்னை லீக்ல ஃபுட்பால் ஆடறேன். கார்த்திகை ஒண்ணாம் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டேன், பொழப்புங்கறதால பூட்ஸ் போட்டு ஆட குருசாமி சம்மதிச்சார். போன மேட்ச்ல ரெஃப்ரி மாலையைக் கழட்டுன்னுட்டார். டேப் சுத்திக்கறேன்னேன், அதுவும் கூடாதாம். நான் ஆடாம வெளியவே உட்கார்ந்துட்டேன். அதே கிரவுண்டுல லேடீஸ் மேட்ச்ல ஒரு பொண்ணு ஹிஜாப் போட்டு ஆடினா, அவளுக்கு ஒரு ரூல் எனக்கு ஒரு ரூலான்னு அவ முன்னாடியே கத்திட்டேன். கிரிக்கெட்காரங்க செயினோடதானே ஆடறாங்க? இப்போ மேனேஜர் வேற டீம் ஃபோட்டோவுக்கு தாடியை எடு, நெத்தில சந்தனம் வேணாங்கறார். மாலையைக் கழட்டினா சாமி குத்தம்னு அம்மா அழறாங்க. என்ன பண்ண?
- பெயர் வேண்டாம், வியாசர்பாடி

பதில்: தம்பி, மாலை விஷயத்துல ரெஃப்ரி பண்ணது சரி. தாடி விஷயத்துல நீ சொல்றது சரி. ரெண்டு கோபத்தையும் ஒண்ணாப் போட்டு கலக்கிட்டே, அது சம்பந்தமே இல்லாத ஒரு பொண்ணு மேல போய் விழுந்திருக்கு.

ஃபுட்பால் சட்டத்துல நாலாவது விதியை எடுத்துப் படி. செயின், மோதிரம், தோடு, லெதர் பேண்ட், ரப்பர் பேண்ட் எல்லாத்தையும் கழட்டணும், டேப் ஒட்டி மறைச்சாலும் செல்லாதுன்னு அதுலயே இருக்கு. எந்த சாமி மாலைன்னு அது கேக்கறதே இல்ல, சிலுவை செயினுக்கும் தாயத்துக்கும் கையில கட்டின கறுப்புக் கயிறுக்கும் அதே பதில்தான். கார்னர் கிக் வரும்போது பாக்ஸுக்குள்ள என்ன நடக்கும்னு உனக்கு நான் சொல்லணுமா, ஒருத்தன் ஜெர்சியைப் பிடிச்சு இழுப்பான், ஹெட் பண்ண எகிறும்போது எவன் விரல் எங்க மாட்டும்னு தெரியாது, மாலை நைலான் நூல்ல கோத்ததா இருந்தா சீக்கிரம் அறுந்தும் போகாது, உன் கழுத்தைத்தான் இறுக்கும், அந்த ஐயப்பன் டாலர் எதிர்ல நிக்கறவன் கண்ணுல பட்டா அவன் கதி என்ன? கிரிக்கெட்ல பேட்ஸ்மேன் கழுத்தை யாரும் பிடிச்சு இழுக்கறதில்ல, அதனால அங்க செயின் பெரிய விஷயமில்ல. கபடியைப் பாரு, நகத்தைக்கூட ஒட்ட வெட்டிட்டுத்தான் இறங்கணும், நகை கூடாது, உடம்புல எண்ணெய் தடவக் கூடாது. மேல விழுந்து ஆடற ஆட்டம் எல்லாத்துலயும் இப்படித்தான். நீ மாலையோட இறங்கியிருந்தா அவர் உன்னை வெளிய அனுப்பியிருப்பார், மறுபடி போட்டுட்டு வந்தா மஞ்சக் கார்டு.

அந்த ஹிஜாபை சும்மா கிடைச்ச சலுகைன்னு நெனச்சுட்டே பாரு, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம். 2007ல இருந்து ஃபிஃபா அதையும் ஆபத்துன்னு சொல்லித்தான் தடுத்து வெச்சிருந்துச்சு. 2011 ஜூன்ல ஜோர்டான்ல ஒலிம்பிக் தகுதிச் சுற்று, ஈரான் பொண்ணுங்க டீம் தலையை மூடின டிரஸ்ல ஆடத் தயாரா கிரவுண்டுக்கே வந்துட்டாங்க, ஆட விடல, மேட்ச் போச்சு, அத்தனை நாள் பிராக்டிஸ் பண்ண பொண்ணுங்க அங்கேயே அழுதாங்க. நீ ஒரு மேட்ச் வெளிய உட்கார்ந்ததுக்கே எவ்வளவு கொதிக்கறே, அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அப்புறம் 2012ல சோதனைக்கு விட்டுப் பார்த்து, 2014ல முழுசா அனுமதிச்சாங்க, அதுவும் சும்மா இல்ல. கறுப்பு இல்லன்னா ஜெர்சி கலர்லதான் இருக்கணும், ஜெர்சியோட சேர்த்து மாட்டியிருக்கக் கூடாது, கழுத்துகிட்ட ஊக்கு, பக்கிள் மாதிரி எதுவும் கூடாது, துணி எங்கேயும் தொங்கக் கூடாது. அன்னிக்கு அந்தப் பொண்ணையும் ரெஃப்ரி இதெல்லாம் பார்த்துத்தான் உள்ள விட்டிருப்பார். சீக்கியர்களோட தலைப்பாகைக்கும் இதே விதியிலதான் வழி கிடைச்சுது. பாஸ்கெட்பால்ல அது இன்னும் லேட். 2014ல சீனாவுல வூஹான்ல நம்ம இந்தியா டீம் அம்ரித்பால் சிங்கையும் அம்ஜோத் சிங்கையும் தலைப்பாகையைக் கழட்ட வெச்சுத்தான் ஆட விட்டாங்க, 2017 அக்டோபர்லதான் அந்தத் தடை போச்சு. 2023 உலகக் கோப்பையில மொராக்கோவோட நுஹைலா பென்ஸினா ஹிஜாபோட ஆடினப்போ, பெண்கள் உலகக் கோப்பையில அப்படி ஆடின முதல் ஆள் அவங்கதான்.

ஆனா இன்னும் பிரான்ஸ் ஃபுட்பால் ஃபெடரேஷன் அவங்க போட்டிகள்ல ஹிஜாபை அனுமதிக்கல, 2023ல அந்த நாட்டு உச்ச நிர்வாக நீதிமன்றமும் அந்தத் தடை செல்லும்னுடுச்சு. ஃபிஃபாவே ஆபத்தில்லன்னு சொன்ன துணி அது! அதை என்னால ஏத்துக்கவே முடியல. யாருக்கு அடிபடும்னு கேட்டா அவங்ககிட்ட பதில் கிடையாது. உன் மாலைக்கு பதில் இருக்கு. நான் பார்க்கற வித்தியாசம் இது ஒண்ணுதான் தம்பி, மதம் இல்ல.

அதே கேள்வியைத்தான் நீ மேனேஜர்கிட்டயும் கேக்கணும். தாடியால யாருக்கு அடிபடும்? அந்த நாலாவது விதியில தாடியைப் பத்தியோ சந்தனத்தைப் பத்தியோ எதுவும் கிடையாது. ஃபோட்டோவுக்கு நல்லா இருக்காதுங்கறது அவரோட இஷ்டம், அதுக்காக நீ விரதத்தை விட வேண்டாம். முதல்ல உன் கான்ட்ராக்ட்டை எடுத்துப் பாரு, தாடி முடி பத்தி எதாவது லைன் இருக்கான்னு. இல்லன்னா, தை மாசம் மலைக்குப் போயிட்டு வந்து எடுத்துடுவேன் சார், அதுவரைக்கும் விடுங்கன்னு கேப்டனையும் கூட வெச்சுக்கிட்டு பணிவா சொல்லு. இதுல நீ இறங்கிப் போகாதே. மேட்சுக்கு மட்டும் சந்தனத்தை சின்னதா வெச்சுக்கோ, வேர்வையில கரைஞ்சு கண்ணுக்குள்ள இறங்கும்.

அம்மாவைப் பத்தி. அவங்க பயத்தை நான் லேசா எடுத்துக்கல, ஆனா அதுக்கு பதில் சொல்ல வேண்டியது உன் குருசாமி, நானோ ரெஃப்ரியோ இல்ல. பொழப்புக்காக பூட்ஸ் போட சம்மதிச்ச மனுஷன் அவர். அம்மாவையும் கூட்டிட்டுப் போய் உட்கார வெச்சு நேரா கேளு, மேட்ச் நேரத்துக்கு மட்டும் கழட்டி வெச்சு திரும்பப் போட்டுக்கலாமா, எங்க வெக்கணும், என்ன சொல்லிப் போட்டுக்கணும்னு. அவர் சரின்னா அவர் வாயாலயே அம்மா கேக்கட்டும். கூடவே கூடாதுன்னா, இந்த விரதம் முடியற வரைக்கும் எந்தெந்த மேட்ச் ஆட முடியாதுன்னு கோச்கிட்ட இப்பவே சொல்லிடு, வார்ம் அப் முடிஞ்சு லைன்ல நிக்கும்போது சொல்லாதே. அடுத்த வருஷத்துல இருந்து லீக் முடிஞ்சப்புறம் மாலை போடு. சபரிமலை நடை ஒவ்வொரு மலையாள மாசமும் முதல் அஞ்சு நாள் திறக்குது, சித்திரையில விஷுவும் இருக்கு, கார்த்திகை விட்டா வழியே இல்லன்னு ஒண்ணும் இல்ல.

அப்புறம் அந்தப் பொண்ணு. லீக்ல எப்படியும் மறுபடி பார்ப்பே. தனியா கூப்பிடாதே, அவ டீம் பொண்ணுங்க இருக்கும்போதே போய், அன்னிக்கு கத்தினது தப்புன்னு சொல்லு. கத்தினது எல்லார் முன்னாடியும்தானே.