வாடகை சும்மா வருகிறது என்று நினைப்பவர்களுக்கு, ஒரு ஹவுஸ் ஓனரின் பதில்

கேள்வி: மாதா மாதம் வாடகை சும்மா வருகிறது, அப்புறமும் ஏன் வீட்டு ஓனர்கள் எப்போது பார்த்தாலும் புலம்புகிறார்கள்?

புலம்புகிற கட்சியில் நானும் இருக்கிறேன், அதனால் பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

சென்னை மடிப்பாக்கத்தில் அப்பா 1994-ல் கட்டிய வீடு. கீழே ஒரு போர்ஷன், மாடியில் ஒரு போர்ஷன். அப்பா கட்டும்போது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் வாசலுக்குப் போக வேண்டும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, இப்போது தெருவிலிருந்து வாசலுக்கு ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது. நாங்கள் இருப்பது பல்லாவரத்தில். அப்பா போன பிறகு வீடு என் பொறுப்புக்கு வந்தது. கீழ்வீட்டுக்கு 14,000, மாடிக்கு 16,000. ஆக மாதம் 30,000 ‘சும்மா’ வருகிறது.

சரி, அந்தச் சும்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

மாடியில் ஒரு தம்பி இருந்தார், ஐடி வேலை, கல்யாணமாகி ஒரு வருடம். நல்ல பையன்தான், ஆனால் வாரத்துக்கு ஒரு போன். ‘ஆன்ட்டி, கிச்சன் டேப் சொட்டுது.’ ‘ஆன்ட்டி, பாத்ரூம் தாழ்ப்பாள் லூசா இருக்கு.’ ‘ஆன்ட்டி, டேங்க் நிரம்பி வழியுது, ஃப்ளோட் வேலை செய்யல போல.’ இதெல்லாம் காலையில் சொன்னால் ஆகாதா? இரவு ஒன்பதரைக்கு, நான் அடுக்களையை ஒழித்துவிட்டு உட்காரும் நேரம் பார்த்து வாய்ஸ் மெசேஜ் வரும். போர் தண்ணீர் வேறு உப்பு. குழாய்க்குள் உப்புப் படிந்து, மாற்றி ஒரு வருடம் ஆவதற்குள் டேப் இறுகிப்போகும், அதை முறுக்கித் திறந்து திறந்தே வாஷர் போகும். நாற்பது ரூபாய் வாஷருக்கு பிளம்பர் வண்டியை எடுத்தால் முந்நூறு ரூபாய். அந்தப் பையன் பெயர் போனில் வந்தாலே எனக்கு எரிச்சல் வரும். என் கணவர் ‘உன் மருமகன் கூப்பிடுறான்’ என்று கிண்டல் செய்வார்.

கீழ்வீட்டில் இருந்தவர்கள் அதற்கு நேர் எதிர். அப்பா காலத்திலிருந்தே இருக்கும் குடும்பம், அவர் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார், அந்த அக்கா வீட்டிலேயே தையல், ஒரு பையன். ஒன்றாம் தேதி காலையில் பணம் வந்துவிடும். வருடக்கணக்கில் ஒரு போன் கிடையாது, ஒரு புகார் கிடையாது. பார்க்கிறவர்களிடமெல்லாம் ‘குடித்தனக்காரர் என்றால் இவர்களைப் போல இருக்கணும், தங்கமான மனுஷங்க’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, அதில் எங்கள் தெருவிலும் தண்ணீர். கீழ்வீட்டுக்குள் கணுக்கால் வரை ஏறியது. அவர்கள் மாடியில் போய்த் தங்கினார்கள். வடிந்ததும் போய்ப் பார்த்தேன், சுவரெல்லாம் ஓதம். மழை ஓதம், காய்ந்தால் சரியாகிவிடும் என்று நானும் சொன்னேன், அந்த அக்காவும் ‘ஆமாங்க, காஞ்சிடும்’ என்றார். அந்த ‘ஆமாங்க’வில் ஒரு அவசரம் இருந்தது, அப்போது எனக்குப் புரியவில்லை.

பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். அவரே கூப்பிட்டார். அந்த எண்ணிலிருந்து பகலில் போன் வந்ததே எனக்குப் பயமாக இருந்தது. ‘ஒண்ணும் பெரிசா இல்லைங்க, பெட்ரூம்ல மேல இருந்து கொஞ்சம் விழுந்திருக்கு’ என்றார். போனேன். கொஞ்சம் இல்லை. பரணுக்குப் பக்கத்தில், சீலிங்கில் ஒரு தாம்பாளம் அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து கட்டில் மேல் கிடந்தது. உள்ளே கம்பி செக்கச்செவேலென்று துருவேறி, செதில் செதிலாக. துரு பிடித்தால் கம்பி பருக்கும், பருத்தால் சுற்றியிருக்கும் காங்கிரீட்டைத் தள்ளிவிடும். இது ஒரு மழையில் நடக்கிற காரியம் இல்லை என்று எனக்கே தெரிந்தது. விழுந்தபோது கட்டிலில் யாரும் இல்லை. பையன் பள்ளிக்கூடம் போயிருந்தான்.

பக்கத்துச் சுவரில் ஒரு பெரிய மாதக் காலண்டர், நகைக்கடைக் காலண்டர். ஏதோ தோன்றி அதைத் தூக்கிப் பார்த்தேன். பின்னால் சுவர் கறுத்து, பூச்சு உப்பி, விரல் வைத்தால் உள்ளே போகிறது. காலண்டர் 2024-க்கு உரியது. அதற்கு அடியில் 2023. அதற்கும் அடியில் 2022. வருடா வருடம் புதுக் காலண்டரைப் பழையதன் மேலேயே மாட்டியிருக்கிறார்கள், நம் ஊரில் ரோடு போடுகிற மாதிரி.

‘எப்ப இருந்துக்கா?’ என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

மாடி பாத்ரூமிலிருந்துதான் இறங்குகிறது என்பது சந்தேகமில்லை. எங்கிருந்து என்பதுதான் கேள்வி. முதலில் வந்த பிளம்பர் பார்த்த மாத்திரத்திலேயே ‘இதை யாரு மேடம் போட்டது?’ என்று தலையில் அடித்துக்கொண்டார். எல்லாப் பிளம்பர்களும் முதலில் சொல்வது இதுதான், முந்தைய பிளம்பரைத் திட்டாமல் ஒருவரும் பையைத் திறப்பதில்லை. சுவருக்குள் போகும் பழைய இரும்புக் குழாய் அரித்திருக்கும் என்று சொல்லி மூன்று டைல்ஸை உடைத்தார். குழாய் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. அந்த மூன்று டைல்ஸுக்கு ஜோடி இனி எங்கும் கிடைக்காது, 1994 டிசைன். அதற்கு 4,500 ரூபாய்.

இரண்டாவது ஆள் கொஞ்சம் வயதானவர், கேள்விதான் முதலில் கேட்டார். மாடியில் ஆள் இல்லாத நாளிலும் சொட்டுகிறதா, குளித்த பிறகு மட்டும் சொட்டுகிறதா? தண்ணீர் வரும் குழாய் என்றால் டேங்க் அழுத்தத்தில் எப்போதும் சொட்டும், கழிவு போகும் வழி என்றால் குளித்து முடித்த பிறகுதான் இறங்கும். கீழ்வீட்டு அக்கா உடனே சொன்னார்: ‘காலையில எட்டு மணிக்கு மேலதாங்க, ஞாயித்துக்கிழமைன்னா பத்து மணிக்கு மேல.’ அவ்வளவு துல்லியமாக. எத்தனை நாள் அண்ணாந்து பார்த்திருந்தால் இப்படிச் சொல்ல முடியும்! பெரியவர் தரையில் தண்ணீர் இறங்கும் ஓட்டையை, அதாவது நஹானி டிராப்பைத் துணி வைத்து அடைத்து, நாலு விரற்கடை தண்ணீர் கட்டி, அதில் சொட்டு நீலம் அரை பாட்டிலை ஊற்றினார். மறுநாள் மாலை கீழ்வீட்டுச் சீலிங்கில், துருக் கம்பியின் நுனியில், ஒரு நீலச் சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. குழாய் இல்லை, தரையும் டிராப் ஜாயின்ட்டும்தான்.

அதன்பிறகு நடந்ததை எல்லாரும் ஊகிக்கலாம். பாத்ரூம் தரையை முழுதாகப் பெயர்த்து, டிராப் மாற்றி, வாட்டர் புரூஃபிங் செய்து, மறுபடி தண்ணீர் கட்டிப் பார்த்து, டைல்ஸ் போட்டு 68,000. கீழே துருவைச் சுரண்டிக் கம்பிக்குப் பூச்சு அடித்து, சீலிங்கை ஒட்டுப்போட 21,000. மாடித் தம்பிக்குப் பன்னிரண்டு நாள் பாத்ரூம் இல்லை. ‘எங்க தப்பு எதுவும் இல்லையே ஆன்ட்டி’ என்றார், நியாயம்தான், அரை மாத வாடகை 8,000 விட்டுக்கொடுத்தேன். மொத்தம் 1,01,500. மூன்று மாத வாடகைக்கும் மேல். வருமான வரியில், சொத்து வரி போக வாடகையில் 30 சதவீதத்தை, நாம் செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும், கழித்துக்கொள்ளலாம். அப்பா காலத்தில் அதை ஒரு லாபம் என்றே பேசிக்கொள்வோம். அந்த வருடம் கிட்டத்தட்ட அது அத்தனையும் ஒரே பாத்ரூமில் போனது.

பணத்தைவிட எனக்கு ஆறாதது அந்த மூன்று காலண்டர்தான். முதல் காலண்டர் வருடத்தில் சொல்லியிருந்தால் டிராப் ஓரத்தைக் கொத்தி அடைத்து ஐயாயிரத்தில் முடித்திருக்கலாம். வேலை எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் நேராகவே கேட்டேன், கோபமாகத்தான் கேட்டேன். ‘ஏன்க்கா சொல்லல? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?’

அவர் தையல் மெஷினிலிருந்து நிமிராமல் சொன்னார்: ‘போன தடவை பெயிண்ட் அடிச்சுக் குடுத்தீங்க, அடுத்த மாசமே ஆயிரம் ஏத்தினீங்க. இதைச் சொன்னா ரிப்பேர் பண்ணணும் காலி பண்ணுங்கன்னு சொல்லிடுவீங்களோன்னு இருந்துச்சு. பையன் டென்த் வேற.’

எனக்கு வாய் அடைத்துவிட்டது. பெயிண்ட் அடித்து ஏற்றியது உண்மை. அது வருடாந்தர ஏற்றம், பெயிண்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று என் மனசுக்கு ஒரு கணக்கு இருந்தது. அவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியாது, நான் சொல்லவும் இல்லை. குடித்தனக்காரரின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஓனரைக் கூப்பிடுவது என்பது ஓனருக்குத் தன்னை ஞாபகப்படுத்துவது. ஞாபகம் வந்தால் வாடகை ஏறும். அதனால் வாயை மூடிக்கொண்டு காலண்டர் மாட்டுகிறார்கள்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் அட்டவணையில் எது யார் தலையில் என்று பட்டியலே இருக்கிறது. கட்டட ரிப்பேர், குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனருக்கு. டேப் வாஷர், சுவிட்சு, தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி, அடைத்துக்கொண்ட டிரெயினேஜ் எல்லாம் குடியிருப்பவருக்கு. அந்த மாடித் தம்பி கூப்பிட்ட டேப், தாழ்ப்பாள் போன் எல்லாம் சட்டப்படி அவர் செலவு! நான் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை, இரவு ஒன்பதரைக்கு யார் அட்டவணையைப் புரட்டுவது? ஆனால் அதே பட்டியலில் வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் ஓனர் பக்கம்தான் இருக்கிறது. சென்னையில் காலி செய்யும்போது பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிக்கிறோமே, ஒப்பந்தத்தில் தனியாக எழுதிக்கொள்ளாவிட்டால் அது எந்தக் கணக்கு? நானும் பிடித்திருக்கிறேன், ஒளிக்கவில்லை. ஓனர்கள் புலம்பும்போது இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை.

குடித்தனக்காரர் செய்கிற அழிச்சாட்டியமும் இல்லாமல் இல்லை. சிங்க்கில் சோறும் டீத்தூளும் கொட்டி அடைத்துவிட்டு ‘உங்க பைப் சின்னதுங்க’ என்றவர்கள் உண்டு. அந்தத் தம்பிக்கு முன்னால் மாடியில் இருந்த ஒருவர் ஹால் சுவரில் முப்பத்தொரு ஆணி அடித்திருந்தார், நான் எண்ணினேன். சாவி கொடுக்கும்போது ‘சுவர் ரொம்ப லூசு சார் உங்க வீட்ல’ என்று என் கணவரிடம் குறை வேறு. ஆணி ஓட்டையைப் பட்டி பார்த்து மூடிவிடலாம். மனுஷர் சொல்லாமல் மறைப்பதைத்தான் மூட முடியவில்லை.

இப்போது என்ன செய்கிறேன்? ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: ரிப்பேர் செய்ததைக் காட்டி வாடகை ஏற்றமாட்டேன், வருடத்துக்கு இத்தனை சதவீதம் ஏறும், அவ்வளவுதான். ஐந்நூறு ரூபாய்க்கு உட்பட்ட வேலையை அவர்களே ஆள் வைத்துச் செய்துவிட்டு, பில்லை வாட்ஸ்அப்பில் போட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். இதைச் சொன்னதும் என் தங்கை ‘ஏமாத்துவாங்கடி’ என்றாள். இந்த இரண்டு வருடத்தில் கழித்தது எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள். ஏமாற்றியிருந்தாலும் அவ்வளவுதானே. மாடித் தம்பி வேலை மாறி பெங்களூரு போய்விட்டார், இப்போது இருப்பவர்கள் அவ்வளவாகக் கூப்பிடுவதில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. மாதம் ஒரு தடவை நானே கூப்பிட்டு ‘டேப் ஏதாவது சொட்டுதாம்மா?’ என்று கேட்கிறேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

கீழ்வீட்டு அக்கா அங்கேயேதான் இருக்கிறார். பையன் இப்போது காலேஜ். போன மாதம் சொத்து வரி ரசீது விஷயமாகப் போயிருந்தேன். பெட்ரூமில் அதே ஆணியில் புதுக் காலண்டர் தொங்கியது. பேச்சுவாக்கில் என் கை தானாக அதன் ஓரத்தைப் பிடித்துத் தூக்கியது.

‘பாருங்க, நல்லாப் பாருங்க’ என்று அவர் சிரித்தார். ‘அடியில ஒண்ணும் இல்லை. ஆனா வந்ததுதான் வந்தீங்க, அந்தக் கிச்சன் ஜன்னல் கொக்கியை ஒரு பார்வை பார்த்துட்டுப் போங்க.’